பிரிந்த பெற்றோர், குழந்தை, சாதிச் சான்றிதழ்: சட்டம் என்ன சொல்கிறது?

தென்காசியில் பீடி சுற்றும் பட்டியல் சாதிப் பெண் ஒருவர்; குற்றாலத்தில் சீசன் கடையில் வேலை பார்க்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு இளைஞர் ஒருவர். சாதி மறுத்து மணந்துகொண்ட இருவரும் சில ஆண்டுகளில் பிரிந்துவிடுவதாகக் கொள்வோம். குழந்தை யாரிடம் வளர்வது? இக்கேள்வி எழுந்ததுமே, வழக்கு நடத்தப் பணமில்லை என்னும் அச்சம் முன்னே வந்து நிற்கிறது. அந்த அச்சம்தான் ஏழைக் குடும்பங்களைக் கட்டப்பஞ்சாயத்தின் முன் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கே குழந்தையின் நலனைவிட, அது எந்தச் சாதியின் வாரிசு என்பதே பெரிதாகப் பேசப்படும்.

கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதமானது என்று 2011இல், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆறுமுக சேர்வை வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியது. குழந்தையைப் பற்றி அங்கு எழுதி வாங்கப்படும் எந்தத் தாளும் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

செலவு பற்றிய அச்சத்திற்கும் சட்டத்தில் விடை உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். வழக்கறிஞர் மட்டுமல்ல, நீதிமன்றக் கட்டணம், ஆவணச் செலவு ஆகியவையும் இதில் அடங்கும். இது சலுகையன்று, உரிமை. தலித் கிறித்தவ ஆண்கள் சட்டப்படி பட்டியல் சாதியினராகக் கருதப்படாததால் வருமான வரம்புக்கு உட்பட்டே இவ்வுதவியைப் பெற இயலும் என்பது இன்றும் நீடிக்கும் அநீதி. தலித் கிறித்தவப் பெண்களுக்கோ, பெண் என்ற தகுதியே போதும்.

இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவின் கீழ், வழக்கு நிலுவையில் இருக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கோரலாம். இருதரப்பும் தம் வருமானத்தையும் சொத்துகளையும் உறுதிமொழிப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் அதன் நலனே முதன்மையானது. ஐந்து வயது நிறைவடையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம். காப்பாளர் சட்டப்படியான மனுவைக் குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்திற்குரிய நீதிமன்றத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும். தென்காசியில் வளரும் குழந்தைக்காகத் தாய் வேறு மாவட்டத்திற்கு அலைய வேண்டியதில்லை. குழந்தையைச் சந்திக்கும் நாட்களைப் பெற்றோரின் வேலைக்கேற்ப எழுதிக்கொள்ளலாம். சீசன் மாதங்களில் ஓய்வில்லாத தந்தை, பிற மாதங்களின் பள்ளி விடுமுறை நாட்களைக் கேட்கலாம்.

பலரும் மறந்துவிடுவது சாதிச் சான்றிதழ். கலப்பு மணத்தில் பிறந்த குழந்தை தந்தையின் சாதியையோ தாயின் சாதியையோ பெறலாம் என்று 1975இலேயே தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. தந்தையின் சாதியே குழந்தையின் சாதி என்னும் அனுமானம் மறுக்கத்தக்கது என்றும், பட்டியல் சாதித் தாயிடம் அச்சமூகத்தின் இழிவுகளைச் சுமந்து வளர்ந்ததை நிறுவலாம் என்றும் 2012இல் ரமேஷ்பாய் நாய்க்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 டிசம்பரில், தலித் அல்லாத தாயிடம் வளரும் இரு குழந்தைகளுக்கு, தலித் தந்தையே ஆறு மாதங்களுக்குள் பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற்றுத்தர வேண்டும் என்று அதே நீதிமன்றம் ஆணையிட்டது. மணம் முறிந்தாலும் குழந்தையின் இடஒதுக்கீட்டு உரிமை முறிவதில்லை.

ஆகவே, பிரிவு ஒப்பந்தத்தில் சான்றிதழுக்கான ஆவணங்களை யார், எப்போது தர வேண்டும் என்பதையும் எழுதச் செய்ய வேண்டும். செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய முதல் உதவி எளியது: பாதிக்கப்பட்டவரைப் பஞ்சாயத்தாரிடம் விட்டுவிடாமல், வட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவுக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள்; இயலாதபோது 15100 என்ற இலவச எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.