சுவர்கள் இணைதான்… மூலை சரியா?

வீடு கட்டுறீங்களா? அறையின் எதிரெதிர்ச் சுவர்கள் 12க்கு 12, 9க்கு 9 அடி என்று கச்சிதமாக இருந்தால் போதும் என நினைப்போம். போதாது. சுவர்கள் இணையாக இருக்கின்றன என்பதை மட்டுமே அந்த அளவு சொல்லும். பக்கத்துச் சுவரோடு செங்குத்தாகச் சேர்கிறதா என்பது வேறு கதை. தீப்பெட்டியின் வெளிக்கூட்டை லேசாக அழுத்திப் பாருங்க: பக்கங்கள் இணையாகவே இருக்கும், மூலைகள் மட்டும் சாய்ந்துவிடும்.

கொத்தனார்கள் இதற்கு 3-4-5 கணக்கு வைத்திருக்கிறார்கள். தரையை ஒட்டி, மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, அடுத்ததில் 4 அடி குறியுங்க. இரண்டு குறிகளுக்கும் நடுவே நேராக 5 அடி வந்தால், அது 90 டிகிரி. பள்ளியில் மனப்பாடம் செய்த அதே பிதாகரஸ் தேற்றம்தான்! முழு அறைக்கும் பார்க்கணுமா? மூலைவிட்டங்களை அளங்க. 9க்கு 12 அறையில் இரண்டுமே 15 அடி வரணும்.

ஒரு டிகிரிதானே என்று விட்டுடாதீங்க. 12 அடி நீளத்தில் அது இரண்டரை அங்குலம். ஓரத்து டைல்ஸை ஆப்பு மாதிரி வெட்டணும், அலமாரிக்குப் பக்கத்தில் சந்து விழும். பூச்சு வேலைக்கு முன்பே அளந்தால், பூச்சிலேயே ஓரளவு சரிக்கட்டச் சொல்லலாம்.