கம்பளி விரிப்பும் விற்பனைப் பெயரும்

மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்திலுள்ள தெயோதித்லான் தெல் வாலியே என்னும் ஊரின் ஜபோடெக் நெசவாளர்கள், அமெரிக்கத் தென்மேற்கில் வாழும் நவஹோ பழங்குடியினரின் கோலங்களைத் தழுவிக் கம்பளி விரிப்புகளை நெய்கின்றனர். 1970களில் அமெரிக்க வணிகர்கள் மாதிரிகளைக் கொடுத்து நெய்யச் சொன்னதால் இவ்வழக்கம் பெருகியது. தழுவி நெய்வதை அமெரிக்கச் சட்டம் தடுக்கவில்லை. அவ்விரிப்பை நவஹோ கைவேலை என்று சொல்லி விற்பதையே அது குற்றமாகக் கருதுகிறது.

அமெரிக்கப் பழங்குடியினரின் கலை, கைவினைப் பொருள்கள் குறித்த 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1,000 டாலரோ அதற்கு மேலோ விலையுள்ள பொருளை இவ்வாறு பொய்ப்பெயரில் விற்கும் தனிநபருக்கு, முதல் குற்றத்திற்கே 5 ஆண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் விதிக்கப்படலாம். அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட பழங்குடிகளுக்கே இச்சட்டம் அரணாக நிற்பதால், ஜபோடெக்குகள் தம் மண்ணின் தொல்குடியினராயினும் அதன் வரம்புக்குள் வருவதில்லை.

வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது விரிப்பின் இரு முனைகளை. நவஹோ செங்குத்துத் தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், அறுபடாமல் மேலும் கீழுமாகச் சுற்றப்படுவதால் முனைகள் மூடியே இருக்கும். ஜபோடெக் மிதிதறியிலோ நெய்து முடித்தபின் பாவை அறுத்தெடுப்பதால், நூல்முனைகள் முடிச்சிட்ட குஞ்சமாகத் தொங்கும். அக்குஞ்சத்தை ஊசியால் நெசவுக்குள்ளேயே செருகி மறைப்பவர்களும் உண்டு. அப்போது ஓரத்தை மடித்துத் தடவினால் அவ்விடம் மட்டும் தடித்துத் தட்டுப்படும். குஞ்சம் ஒன்றை மட்டுமே கொண்டு முடிவு கட்டலாகாது, ஏனெனில் 19ஆம் நூற்றாண்டின் நவஹோ விரிப்புகள் சிலவற்றில் அலங்காரக் குஞ்சம் தனியே சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஆகவே, நெய்தவரின் பெயர், இனம், ஊர் ஆகியவற்றைக் குறிப்பிட்ட ரசீதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுப் பெறுவது நல்லது. அதை எழுதித்தரத் தயங்கும் கடையில் வாங்காதிருப்பதே மேல். ஏமாற்றப்பட்டவர் அந்த ரசீதையும் விளம்பரத்தின் நகலையும் புகைப்படங்களையும் இணைத்து, அமெரிக்க உள்துறையின் கீழ் இயங்கும் பழங்குடிக் கலை, கைவினை வாரியத்திடம் புகார் அளிக்கலாம். பாதிக்கப்பட்ட பழங்குடி அமைப்பும் கைவினைஞரும் உரிமையியல் வழக்குத் தொடரலாம்.

பொய்ப்பெயரால் நவஹோ நெசவாளர் சந்தையை இழக்கிறார் என்றால், ஜபோடெக் நெசவாளர் தம் கைவேலைக்குரிய பெயரையே இழக்கிறார். பழங்குடிகளின் பண்பாட்டு மரபுக்குக் கூட்டுரிமை வழங்கும் மெக்சிகோவின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு ஓரளவு துணையாகலாம். எனினும் எல்லைக்கு வடக்கே பெயர் மாற்றப்படும் கடைவரை அதன் கை எளிதில் நீள்வதில்லை.