உஷார்! கடைக் கணக்கு காலை வாரிவிடும்

ஊர் வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளை அப்பி, "ஒரு லட்சம் பேருக்கு இத்தனை துரித உணவுக் கடைகள், அதனால்தான் இங்கே இத்தனை பேருக்குச் சர்க்கரை நோய்" என்று யாராவது உங்கள் முன் விரித்தால், சட்டென்று தலையாட்டிவிடாதீர்கள். நகராட்சி உறுப்பினராக இருங்கள், பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவராக இருங்கள், செய்தி எழுதுகிறவராக இருங்கள், முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எதைக் கடை என்று எண்ணினீர்கள், எதை எண்ணாமல் விட்டீர்கள்?

லாஸ் ஏஞ்சலஸ் நகரம் இந்தக் கேள்வியைக் காலம் தாழ்த்திக் கேட்டது. 2008-இல் நகர மன்றம், தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் தனிக் கட்டடத்தில் புதிய துரித உணவுக் கடைகள் திறக்கத் தடை போட்டது. கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் மிகுதியாக வாழும், வருமானம் குறைந்த பகுதி அது. உடல் பருமனும் அங்கே அதிகம். பர்கர் கடைகள் மொய்ப்பதுதான் காரணம் என்பது எல்லோருக்கும் தெரிந்த உண்மைபோல் பேசப்பட்டது. நல்லெண்ணத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டே ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் ரோலண்ட் ஸ்டர்மும் டெபோரா கோஹனும் வெளியிட்ட கணக்கு அந்தப் பேச்சைத் தலைகீழாக்கியது. கிளைகள் பரப்பிய துரித உணவுக் கடைகள் தெற்கில் லட்சம் பேருக்கு 19. வசதி படைத்த மேற்கு லாஸ் ஏஞ்சலஸில் 29. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி (மாவட்டம்) முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 30. தெற்கில் மலிந்து கிடந்தவை சிப்ஸ், மிட்டாய், குளிர்பானம் விற்கும் சின்னக் கடைகள். அவற்றைத் தடை தொடவே இல்லை. அதே பர்கரை வணிக வளாகத்துக்குள் இடம்பிடித்து விற்றாலும் தடை பாயாது.

2015-இல் ஸ்டர்ம் மறுபடி ஆராய்ந்தார். கூடுதல் எடை அல்லது பருமன் கொண்டவர்களின் பங்கு தெற்கில் 2007-இல் 63 சதவீதம், 2011-இல் 75. நகரின் மற்றப் பகுதிகளில் 57-லிருந்து 58. தடையால் எடை கூடியது என்று இதற்குப் பொருள் இல்லை. தடையால் எந்தப் பலனும் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். அத்தனை ஆண்டுகளும் அந்த மக்களுக்குத்தான் நஷ்டம். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

கடைக் கணக்கு எங்கே சறுக்குகிறது? பல ஆய்வாளர்கள் தெருவில் இறங்குவதே இல்லை. வணிக நிறுவனங்கள் விற்கும் முகவரிப் பட்டியலை வாங்கிக் கணினியில் ஏற்றிவிடுகிறார்கள். 2009-இல் தெற்கு கரோலினாவின் எட்டு கவுண்டிகளில் ஒரு குழு தெருத்தெருவாகப் போய்ச் சரிபார்த்தது. நேரில் உறுதியான உணவுக் கடைகள் 2,208. அவற்றில் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் நிறுவனம் விற்கும் பட்டியலில் இருந்தவை 55 சதவீதம்தான். இன்ஃபோ யுஎஸ்ஏ பட்டியலில் 65. அரசுத் துறையின் சொந்தப் பதிவேட்டிலேயே 68. மூன்றில் ஒரு கடை அரசாங்கக் கண்ணுக்கே தெரியவில்லை!

பட்டியல் சுத்தமாக இருந்தாலும் வாய்ப்பாடு கவிழ்த்துவிடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011-இல் ஒரு குறியீடு வெளியிட்டது: ஆரோக்கியமான உணவு விற்கும் கடைகளின் எண்ணிக்கையை, கணக்கில் வரும் எல்லாக் கடைகளின் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். ஒரே ஒரு பெட்டிக்கடை உள்ள பகுதிக்கும் பூஜ்யம், இருபது பர்கர் கடைகள் உள்ள பகுதிக்கும் பூஜ்யம். இன்னும் மோசம், மூன்று பேருக்கு மேல் வேலைக்கு இல்லாத மளிகைக்கடை அதில் ஆரோக்கியம் குறைந்த கடை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கல்லாவில் நின்று கீரையும் தக்காளியும் விற்றாலும் அந்த மளிகைக்கடை பர்கர் கடைக் கணக்கில்தான் சேரும்.

எண்ணும் பகுதியின் எல்லைக்கோடும் ஏமாற்றும். மனிதர்கள் வீட்டு வாசலில் மட்டுமா சாப்பிடுகிறார்கள்? 2014-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் நடந்த ஆய்வு வீட்டைச் சுற்றி மட்டுமல்லாமல், வேலையிடத்தையும் போய்வரும் வழியையும் சேர்த்து எண்ணியது. அதுதான் முறை. இப்போது கைப்பேசியில் ஆர்டர் போட்டால் பெயர்ப்பலகையே இல்லாத சமையற்கூடத்திலிருந்து பொட்டலம் வந்து இறங்குகிறது. அதற்கு எந்த வரைபடத்தில் புள்ளி வைப்பீர்கள்?

நமக்கும் இது தூரத்துச் சமாச்சாரம் இல்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை. இதை அளக்கப் போகிறவர்கள் தயவுசெய்து காலை பதினோரு மணிக்குப் போகாதீர்கள். அப்போது தெரு காலியாக இருக்கும். "கடை ஏதும் இல்லை" என்று எழுதிவிட்டு வந்துவிடுவீர்கள். கடைசி மணி அடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். எண்ணெய்ச் சட்டியோடு தள்ளுவண்டி வரும், கலர் ஐஸ் பெட்டி வரும், சைக்கிளில் சரம் சரமாகச் சிப்ஸ் பாக்கெட் வரும். பள்ளிக்கு எத்தனை வாசல் என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு வாசலிலிருந்தும் டேப் பிடியுங்கள். 55-ஆவது மீட்டரில் நிற்கும் வண்டியையும் விட்டுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள். தேதியையும் நேரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.