கோச்சி

கண்டியிலே நான் கற்பிக்கும் வகுப்பில், முதற்பயணத்தைப் பற்றி மாணவர் எழுதிய கட்டுரைகளை அண்மையில் ஒரு மாலை திருத்திக்கொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி 'கோச்சி' என்று எழுதியிருந்தாள். பண்டிதர்க்குரிய பழக்கத்தால் அதனைச் சிவப்பு மையாற் சுழித்து, மேலே 'புகையிரதம்' என்று எழுதினேன். எழுதிய கை அப்பால் நகரவில்லை.

கோச்சி, சிங்களத்துக் 'கோச்சிய' என்பதோடு உறவுடைய சொல். மூலம் ஆங்கிலம் என்பர். ஆயினும் திசைச்சொல்லுக்குச் செய்யுளிலேயே இடமளித்தவரன்றோ தொல்காப்பியர்!

கொழும்பிலிருந்து வந்த இருப்புப்பாதை 1867இல் கண்டியை எட்டியது. கோப்பி மூட்டைகளைத் துறைமுகம் சேர்ப்பதற்கென இட்ட பாதை அது. அதே ஆண்டிலேதான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். அதற்குப் பல்லாண்டு கழித்து வந்த என் கொள்ளுப்பாட்டனாரோ, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்துதான் வந்தார். மூட்டைக்கு வண்டி, ஆளுக்குக் கால்! 1914இல் தலைமன்னார்ப் பாதை திறந்தபின், மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்து, கப்பலேறிக் கோச்சியில் வந்தவர் பாட்டனார்.

கொண்டுவந்த தண்டவாளமே கொண்டுபோகவும் பயன்பட்டது. 1964 அக்டோபரில் எழுதப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென வகுத்தது. ஒரே லயத்திற் பிறந்தவர்களுள் என் தந்தையார் இலங்கைப் பிரசையானார். அவர் தமக்கையார் இந்தியப் பிரசையானார்.

1977இல், ஏழு வயதுச் சிறுவனாய், கண்டி நிலையத்து மேடையில் நின்றேன். தகரப்பெட்டிகளின்மேல் வெள்ளைச் சாயத்தில் பெயர்கள். பெண்கள் இழவு வீட்டிற்போல் ஒப்பாரி வைத்தனர். "போய்ச் சேந்ததும் காயிதம் போடுங்க அக்கா" என்பதற்குமேல் தந்தையாருக்குப் பேச்சு வரவில்லை. சாளரத்தின் வழியே என் கையைப் பற்றிய அத்தை, வண்டி நகர்ந்த பின்னும் விடவில்லை. தந்தையார்தாம் விரல்களைப் பிரித்துவிட்டார்.

அத்தகைய வண்டிக்கு மலையக மக்கள் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'. 'அழுகைப் புகையிரதம்' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், யார் அழுவார்?

அத்தை கோத்தகிரியில் கொழுந்து பறித்தார். மூன்றாம் கடிதத்திலோ நான்காவதிலோ எழுதுவித்திருந்தார்: 'தம்பி, இங்கே கோச்சி என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிலோன்காரி என்று கண்டுகொள்கிறார்கள். ஆகையால் ரயில் என்றே சொல்லப் பழகிக்கொண்டேன்.' தந்தையார் அதனைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். 1980களில் போர் மூண்டது, கப்பல் நின்றது. தலைமன்னார்ப் பாதை 2015இல் மீண்டும் திறந்தபோது தந்தையாரும் இல்லை; அத்தையும் இல்லை.

அன்றிரவே என் சிவப்புச் சுழியை அடித்துவிட்டு, ஓரத்தில் 'திசைச்சொல். சரி' என்று குறித்துக் கையொப்பமிட்டேன். அடுத்த வரியில் அம்மாணவி 'ஸ்டேசன்' என்றும் எழுதியிருந்தாள். அதனை மட்டும் திருத்தினேன்.