ரோமாபுரிக் களத்தில் பிலிப்பைன் துயரம்

1884-ஆம் வருஷம் மாட்ரிட் நகரில் நடைபெற்ற தேசிய ஓவியக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றவர்களுள் ஒருவர் ஹுவான் லூனா. வெள்ளிப் பதக்கம் பெற்றவர்களுள் ஒருவர் பெலிக்ஸ் ஹிடால்கோ. இருவரும் ஸ்பானியரல்லர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஸ்பெயினின் ஆதிக்கத்தில் உழன்ற பிலிப்பைன் தீவினர். சுதேசிக்குப் புத்தியும் கற்பனையும் குறைவென்று ஓயாது கூறி வந்தோர் இதற்கு என்ன சமாதானம் கூற முடியும்?

லூனாவின் சித்திரத்திற்கு 'ஸ்போலியாரியம்' என்று பெயர். களத்தில் மாண்டோரின் உடைமைகளை உரியும் இடம் என்பது பொருள். நாலு மீட்டருக்கு மேல் உயரமும் ஏழரை மீட்டருக்கு மேல் அகலமும் உள்ள துணியில், எஜமானரின் கேளிக்கைக்காகப் பொருது மடிந்த அடிமை வீரர்களின் உடல்களைக் குருதி தோயத் தரையில் இழுத்துச் செல்கின்றனர். ஒருபுறம் வேடிக்கை பார்க்கும் கூட்டம். மறுபுறம் தரையிற் சாய்ந்து துயருறும் ஒரு பெண். ரோமாபுரிக் கதையாதலின் ஸ்பெயின் தயங்காது பரிசளித்தது. ஆனால் ஓவியர் இருவரையும் பாராட்டி அவ்வாண்டு ஜூன் 25-ந் தேதி நடந்த விருந்தில் எழுந்து பேசிய ஹோஸே ரிஸால், அச்சித்திரத்தில் தம் தேசத்தின் வாழ்வையே கண்டார். அப்போது அவருக்கு வயது 23. 1896 டிசம்பர் 30-ந் தேதி ஸ்பானியத் துரைத்தனத்தார் அவரை மணிலாவில் சுட்டுக் கொன்றனர்.

அந்நியர் பாணியில் அந்நியர் கதையைத் தீட்டியதில் தேசியம் எங்கே என்று நம் நண்பர் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. எஜமானனின் மொழியைக் கற்று, அம்மொழியிலேயே அவன் மீது வழக்குரைப்பதும் ஒரு வழியென்பது நம் அபிப்பிராயம். நியாயஸ்தலங்களில் நாம் அன்றாடம் கண்டதும் அதுவே. பின்வந்த சிற்பி கில்யெர்மோ தொலெந்தினோ ரோமாபுரியிலேயே பயின்றவர். அவரோ அந்தப் பழம்பாணியைக் கொண்டு, 1896-ஆம் வருஷத்துப் புரட்சித் தலைவர் போனிபாசியோவையும் அவர்தம் தோழரையும் வெண்கலத்தில் வடித்தார். 1933-இல் கலோகானில் அச்சின்னம் திறக்கப்பெற்றது.

லூனாவைத் தெய்வமாக்க நாம் எழுதவில்லை. 1892-இல் பாரிஸில் தம் மனைவியையும் மாமியாரையும் சுட்டுக் கொன்றவர் அவர். மறு வருஷம் பிரெஞ்சு நியாயஸ்தலம் அவரை விடுவித்தது. சட்டம் பயின்ற நமக்கு அத்தீர்ப்பு ஒருநாளும் உவப்பாகாது. சந்தேக வெறி கொலைக்குச் சமாதானமன்று. அடிமையின் குருதிக்கு இரங்கிய கையும் இதே கையா என்று எண்ணுங்கால் நெஞ்சு கசக்கிறது. 1896-இல் மணிலாவில் சிறைப்பட்டு, மறு வருஷம் விடுதலை பெற்று, பிலிப்பைன் புரட்சி அரசாங்கத்தின் தூதராகப் பணியாற்றி, 1899-இல் ஹாங்காங்கில் மாண்டார்.

அவருடைய சித்திரத்தை விலைக்கு வாங்கியது பார்சிலோனா மாகாண சபை. ஸ்பெயின் அதைக் கொடையாக அளித்து அது மணிலா வந்து சேர 1958-ஆம் வருஷமாயிற்று. முன்னாள் சட்டசபை மாளிகையில் அமைந்துள்ள தேசியக் காட்சிசாலையில், ஒரு முழுச் சுவரை அடைத்துக்கொண்டு அது இன்று நிற்கிறது.