வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு எந்தக் கருத்தடை முறை ஏற்றது?



நம் குழுக்களில் வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பெண்கள் உண்டு. "தெரிஞ்சா நாலு பேர் என்ன சொல்வாங்களோ" என்று பலர் மறைத்து வைக்கிறார்கள். வலிப்பு உள்ளவர் திருமணம் செய்யக்கூடாது என்று இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வார்த்தையே 1999-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஊருக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, கருத்தடைக்குப் போகும்போது நர்சம்மாவிடம் மட்டும் மறைக்காதீர்கள். ஏன் தெரியுமா?

மாத்திரைக்கும் மாத்திரைக்கும் ஆகாது

பினைட்டாயின் (எப்டாயின்), கார்பமசிபைன் (டெக்ரிட்டால்), பினோபார்பிட்டோன் (கார்டினால்) ஆகிய மாத்திரைகள் ஈரலை வேகமாக வேலை செய்ய வைக்கும். அதனால் கருத்தடை மாத்திரையின் மருந்து உடம்பில் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு நாள்கூட விடாமல் மாலா-என் சாப்பிட்டாலும் கரு தங்கிவிடலாம். கைத்தோலுக்கு அடியில் வைக்கும் கருத்தடைக் குச்சிக்கும் இதே குறைதான்.

லேமோட்ரிஜின் விஷயம் தலைகீழ். மாலா-என் போன்ற மாத்திரை, ரத்தத்தில் இந்த வலிப்பு மருந்தின் அளவைப் பாதியாகக்கூடக் குறைத்துவிடும். அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வரலாம்.

வால்புரோயேட் கருத்தடை மாத்திரையைக் கெடுக்காது. ஆனால் கர்ப்ப காலத்தில் சாப்பிட்டால், 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறை வரலாம். 30 முதல் 40 பேர் பேச்சிலும் அறிவு வளர்ச்சியிலும் பின்தங்கலாம். ஆகவே இதைச் சாப்பிடுபவர்களுக்கு உறுதியான கருத்தடை மிகவும் அவசியம். வேறு மருந்துக்கு மாறலாமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

அப்படியானால் எது நல்லது?

• காப்பர்-டி: வெறும் செம்புதான் வேலை செய்கிறது. எந்த வலிப்பு மாத்திரையும் இதைக் கெடுக்காது. 380ஏ வகை 10 ஆண்டு, 375 வகை 5 ஆண்டு தாங்கும். முதலில் சில மாதம் மாதவிலக்கு அதிகமாகப் போகலாம்.
• அந்தரா ஊசி: 3 மாதத்துக்கு ஒரு முறை. வலிப்பு மாத்திரையோடு போட்டுக்கொள்ளலாம். தேதி தவறக் கூடாது. மாதவிலக்கு முன்பின் ஆகலாம்.
• அறுவை சிகிச்சை: "பிள்ளைங்க போதும்" என்று முடிவு செய்தவர்களுக்கு. கணவர் செய்துகொள்வது இன்னும் சுலபம், சீக்கிரம் முடிந்துவிடும்.
• நிரோத்: பால்வினை நோய் வராமல் காக்கும். கருத்தடைக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம்.

பாதுகாப்பில்லாமல் சேர்ந்துவிட்டால், மேலே முதலில் சொன்ன 3 மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அவசர மாத்திரை ஒன்று போதாமல் போகலாம். 5 நாளுக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய் காப்பர்-டி போட்டுக்கொள்வதே நல்லது.

குழந்தை வேண்டுமென்றால்

தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைதான் பிறக்கிறது. காப்பர்-டியை எடுக்கும் முன்பே டாக்டரைப் பாருங்கள். மருந்தை மாற்றுவதும், போலிக் அமில மாத்திரை தொடங்குவதும் கரு தங்கும் முன்பே நடக்க வேண்டும். நாமாக மாத்திரையை நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது டாக்டர் சீட்டையோ, காலி மாத்திரை அட்டையையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். "நான் இதைச் சாப்பிடுறேன், எனக்கு எது ஒத்துக்கும்?" என்று தைரியமாகக் கேளுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். வெளியே சொல்லத் தயங்கும் ஒரு சகோதரிக்கு அது உதவும்.