பாய்ப்பலகையின் அடிமூட்டுக்கு ஒரு காப்புறை: காலையும் காக்கும், கவனக்குறைவையும் மறைக்கும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையிலும் மலேசியாவின் போர்ட்டிக்சன், லங்காவி போன்ற இடங்களிலும் பாய்ப்பலகைகளைக் காணலாம். ‘வின்ட்சர்ஃபிங்’ எனப்படும் இந்த விளையாட்டில் ஒரு பலகைமேல் நின்றபடி, கையில் பிடித்த பாயைக் காற்றுக்கு ஏற்பத் திருப்பிக் கடலில் செல்கிறார்கள். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலேயே இது போட்டியாக இடம்பெற்றது.

புதிதாகக் கற்பவர்களுக்குக் கடலைவிடப் பலகையே முதல் காயத்தைத் தருவது உண்டு. பாய்மரம் பலகையோடு சேரும் இடத்தில் கால்விரல் மோதி நகம் பெயர்வது அடிக்கடி நடப்பது. அங்கே சுற்றப்படும் மெத்தை போன்ற காப்புறையைச் சரியாகப் பொருத்தினால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். தவறாகப் பொருத்தினாலோ, பொருத்திவிட்டு மறந்துவிட்டாலோ, அதுவே ஆபத்தை மறைத்துவிடும்.

அடிமூட்டு என்பது என்ன?

சாதாரணப் பாய்மரப் படகில் மரம் அசையாமல் நிற்கும். பாய்ப்பலகையிலோ மரம் எல்லாத் திசைகளிலும் சாயும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜிம் டிரேக், ஹாய்ல் ஸ்வைட்சர் இருவரும் 1968ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவத்தின் உயிர்நாடியே இப்படி வளைந்து சுழலும் மூட்டுதான்.

இன்றைய பலகைகளில் இந்த மூட்டு பெரும்பாலும் கெட்டியான ரப்பர் போன்ற பாலியூரித்தேன் துண்டாக இருக்கும். சிலவற்றில் உலோகம் அல்லது பிளாஸ்டிக்கால் ஆன இயந்திர மூட்டு இருக்கும். அதற்கு மேலே, மரத்தின் அடியில் செருகும் நீட்டிப்புக் குழாய் வரும். பாயைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டும் கயிறு, அது ஓடும் சிறு கப்பிகள், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பல் ஆகிய அனைத்தும் இந்தக் குழாயில்தான் உள்ளன.

எதனால் சேதம் ஏற்படுகிறது?

சுமார் 4 மீட்டர் நீளமுள்ள மரம் பாயோடு சாயும்போது, அதன் அடியிலுள்ள கப்பியும் குழாயின் விளிம்பும் பலகையின் மேற்பரப்பில் இடிக்கும். பல பலகைகளின் உள்ளே இருப்பது தெர்மோகோல் போன்ற லேசான நுரைதான். மேலே இருப்பது கண்ணாடி இழையால் ஆன மெல்லிய ஓடு. ஓட்டில் சிறு கீறல் விழுந்தாலே உள்ளே நீர் புகும். பலகை கனக்கும், நாளடைவில் ஓடு நுரையை விட்டுப் பிரியும். அதைச் சரிசெய்யும் செலவோடு ஒப்பிட்டால் காப்புறையின் விலை சொற்பம்.

பொருத்தும் முறை

• முதலில் மூட்டையும் பலகையின் நடுவிலுள்ள பள்ளத்தையும் நல்ல தண்ணீரில் கழுவி மணலைப் போக்க வேண்டும். உறைக்குள் சிக்கும் மணல் உப்புத்தாளைப் போலத் தேய்க்கும்.

• மூட்டைப் பள்ளத்தில் வைத்து இறுக்கித் திருக வேண்டும். மரத்தைச் செருகியதும் பூட்டு விழுந்துவிட்டதா என்று மேல்நோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும்.

• பாயைக் கயிற்றால் முழுமையாக இழுத்துக் கட்டி, மீதிக் கயிற்றைச் சுருட்டிச் செருகிய பிறகே சுற்று உறையைப் போட வேண்டும். குழாய்போல் மேலிருந்து நுழைக்கும் வகை என்றால், மரத்தைப் பூட்டுவதற்கு முன்பே அதை நுழைத்துவிட வேண்டும்.

• உறை கப்பியையும் கயிற்றுப் பல்லையும் முழுதாக மூட வேண்டும். கீழ் விளிம்பு பலகையைத் தொட்டால் போதும், நசுங்கி நிற்கக் கூடாது.

• வெல்க்ரோ பட்டை முழு அகலத்துக்கும் ஒட்ட வேண்டும். பாதி மட்டும் ஒட்டினால் அலை பிய்த்துவிடும்.

• இறுதியாக, கரையிலேயே மரத்தை நான்கு பக்கமும் மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். மூட்டு தடையின்றி வளைய வேண்டும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பலகையில் படுவது மெத்தையாகவே இருக்க வேண்டும்.

கடையில் கிடைக்காவிட்டால், குழந்தைகள் விளையாடும் ஈவிஏ நுரைப்பாயை வெட்டிச் சுற்றி வெல்க்ரோ பட்டையால் கட்டலாம். பாத்திரம் துலக்கும் பஞ்சு போன்றது உதவாது. அது நீரை உறிஞ்சிக் கனக்கும், அழுத்தினால் தட்டையாகிவிடும். பசை போட்டோ டேப் சுற்றியோ நிரந்தரமாக ஒட்டவும் கூடாது. அதற்குக் காரணம் உண்டு.

மறைந்திருக்கும் ஆபத்து

மோட்டார் சைக்கிள் சங்கிலியின் மூடி சேற்றைத் தடுக்கும், ஆனால் உள்ளே ஏறும் துருவையும் மறைக்கும். காப்புறையும் அப்படித்தான். வெயிலிலும் உப்பு நீரிலும் பாலியூரித்தேன் மூட்டு நாளடைவில் வெடிக்கும். கடலில் அது அறுந்தால் பாய் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம் ஆகிவிடும். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால், ஆள் வெளியே அடித்துச் செல்லப்படலாம்.

எனவே ஒவ்வொரு முறையும் கடலில் இறங்கும் முன் உறையைக் கழற்றி, மூட்டைக் கையால் வளைத்து, மேல் முனையிலும் கீழ் முனையிலும் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். நகம் நுழையும் அளவுக்குக் கீறல் தெரிந்தால் மூட்டை மாற்றிவிட வேண்டும். மூட்டு அறுந்தாலும் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டை பல மூட்டுகளில் உண்டு. அது நைந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பிறர் பயன்படுத்திய பலகையை வாங்குவோர், விலை பேசும் முன் உறையைக் கழற்றிக் காட்டச் சொல்வது நல்லது.

நடுக்கடலில் மூட்டு அறுந்துவிட்டால் பலகையை விட்டுக் கரைக்கு நீந்த முயலக் கூடாது. பலகை மிதக்கும், தூரத்திலிருந்தும் கண்ணுக்குத் தெரியும். உபரிக் கயிறு இருந்தால் மரத்தைப் பலகையோடு கட்டிவிட்டு, பலகைமேல் அமர்ந்து இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக உயர்த்தித் தாழ்த்த வேண்டும். உதவி கேட்கும் சைகை என உலகெங்கும் அறியப்பட்டது அது.

காப்புறை எல்லாவற்றையும் காப்பதில்லை. மரம் முன்பக்கம் விழுந்து பலகையின் மூக்கில் அடிப்பதை இது தடுக்காது, அதற்குத் தனி உறை உண்டு. கடல் காலணி அணியாத காலுக்கு இது மாற்றும் ஆகாது. பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர், காலணி, மிதவைச் சட்டை ஆகியவற்றோடு அடிமூட்டை இன்று யார் சோதித்தார்கள் என்றும் பயிற்றுநரிடம் கேட்கலாம். கரை திரும்பியதும் உறையைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி வைத்தால் மறுமுறையும் மூட்டைப் பார்க்காமல் கடலில் இறங்கும் பழக்கம் வராது.